வெள்ளையைத் தொடாதீங்ணா

மடியில லேப்டாப் வெச்சிருக்கீங்களே, கம்ப்யூட்டர் வேலைங்களா? இல்லீங்களா. சரி, எந்த வேலையா இருந்தா என்னங்க. ஈரோடு போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். ஃபைல் மேல சின்னதா ஒரு படம் இருக்குமல்லங்க, ஐகான்னு சொல்றாங்களே, அது எப்பவாச்சும் மாறாம உங்ககிட்ட அடம் பிடிச்சிருக்குதுங்களா? என்கிட்டப் பிடிச்சுதுங்க. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாள்ல என்ற மானம் தாராபுரம் வரைக்கும் போயிட்டு வந்துச்சு.

எம் பேரு நாச்சிமுத்து. கோபியில கல்யாணத் தகவல் மையம் வெச்சிருக்கறேன், பதினெட்டு வருசமா. 'ஆயிரம் திருமணங்கள் கண்ட மையம்'னு போர்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. பார்த்ததில்லீங்களா? பரவாயில்லீங்க. அந்த ஆயிரத்துல நானா முடிச்சது எத்தனைன்னு இப்பக் கேட்டீங்கன்னா கொஞ்சம் ரோசனை பண்ணித்தான் சொல்லோணும். பேசினதென்னமோ பூராவும் நான்தான். ஒரு வூட்டுல போய் உக்காந்தேன்னா ரெண்டு மணி நேரம் நிறுத்தாமப் பேசுவேன். எழுந்து போகச் சொல்ல முடியாமயே சில பேர் சம்மதிச்சிருப்பாங்களோன்னு இப்பத் தோணுது. அப்ப அதுக்குத் தெறமைன்னு பேரு வெச்சிருந்தேன்.

ஆபீசுல கருணாம்பாள்னு ஒரு அம்மணி. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பதினோரு வருசமா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தது அதுதான். ஜாதகம் ஏத்தறது, விவரம் டைப் அடிக்கறது, போன்ல கூப்பிட்டு அது இதுன்னு விசாரிக்கறது. என்கிட்ட அதிகமாப் பேசாது. 'சரிங்ணா'ங்கும், அவ்வளவுதான். பாவம், பேசத் தெரியாத அம்மணின்னு எனக்கு ஒரு எரக்கம் கூட இருந்துச்சுங்க.

எனக்குக் கம்ப்யூட்டர் சுத்தமாத் தெரியாது. அதனால அந்த அம்மணி எனக்குன்னே ஒரு வழி பண்ணி வெச்சிருந்துச்சு. ஒரு ஆளுக்கு ஒரு நம்பரு, ஒரு ஃபோல்டரு. உள்ள மூணு ஃபைல். மூணுக்கும் ஒரே பேருதான், அந்தப் பொண்ணு பேரோ பையன் பேரோ. ரகம் வேற வேறங்கறதனால கம்ப்யூட்டர் ஒத்துக்குமாம். "பேரைப் பார்க்காதீங்ணா, படத்தைப் பாருங்க. செவப்பா இருந்தா ஜாதகம். நீலமா இருந்தா குடும்ப விவரம். வெள்ளைக் காகிதமாட்ட இருந்தா அது நான் எனக்கு எழுதி வெச்ச குறிப்பு. வெள்ளையைத் தொடாதீங்ணா." நானும் தொட்டதில்லை. செவப்பு, நீலம். ரோட்டு சிக்னலாட்டம். எனக்கு அவ்வளவுதான் கம்ப்யூட்டரு.

என்ற பொண்ணையும் அதுல பதிஞ்சிருந்தேனுங்க. பேரு சுபாஷினி. அந்தியூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல மாட்டு டாக்டர். சொந்தப் பொண்ணா இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்குதல்லங்க? நம்பர் நானூத்திப் பன்னெண்டு.

ஆனி மாசம் அதுக்கு ஒரு வரன் வந்துச்சு. தாராபுரத்துக்காரர், ஈஸ்வரமூர்த்தின்னு பேரு, நல்ல குடும்பம். பையன் ஆஸ்திரேலியாவுல இன்ஜினியர். எனக்குத் தலைகால் புரியலை. ஊரு பூராவும் சொல்லிட்டேன். அப்பத்தான் கருணாம்பாள் மெதுவா, "அண்ணா, புள்ளையை ஒருக்காக் கேட்டுக்குங்க"ன்னுச்சு. "என்ற புள்ளை மனசு எனக்குத் தெரியாதா? நீ கம்ப்யூட்டரைப் பாரு அம்மணி"ன்னேன். மறுநாள் மறுபடியும் அதையே சொல்லுச்சு. ஆபீசுல நாலு பேர் உக்காந்திருந்தாங்க. அவங்க முன்னால சொல்லலாமுங்களா? எனக்கு ரோசம் வந்துருச்சு. "பதினோரு வருசத்துல நீ பேசி ஒரு கல்யாணமாச்சும் முடிச்சிருக்கறயா? பேச வந்துட்டா!"ன்னு கத்திப்போட்டேன்.

அந்த அம்மணி எந்திரிச்சுச்சு. சோத்துப் போசியை எடுத்துச்சு, குடையை எடுத்துச்சு, போயிருச்சு. மறுநாள் சாவி மட்டும் வந்துச்சு.

போனாப் போகட்டும், இதென்ன பெரிய வித்தையான்னு நானே போய்க் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். மூணு நாள் நல்லாத்தான் ஓடுச்சு. நாலாம் நாள் ஒரு பொட்டி மாதிரி வந்து நின்னு, 'உங்கள் கணினியில் 1,846 கோளாறுகள் உள்ளன, சுத்தம் செய்யட்டுமா?'ன்னு கேட்டுச்சு. ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறு! பதினோரு வருசமா இந்த அம்மணி என்னதான் பண்ணிட்டிருந்துச்சுன்னு நெனச்சுட்டு, சரின்னு அமுத்தினேன். பச்சைக் கோடு ஓடி முடிஞ்சுது. 'உங்கள் கணினி நலமாக உள்ளது'ன்னு வந்துச்சு. பார்த்தா, செவப்பையும் காணோம், நீலத்தையும் காணோம். அத்தனையும் வெள்ளை. அறுநூறு ஃபோல்டரு, ஃபோல்டருக்கு மூணு வெள்ளைக் காகிதம். துணி தொவைக்கப் போட்டுச் சாயம் போனாப்பல.

கீழ ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கற வடிவேலைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துட்டு, "அண்ணா, ஜாதகம் தொறக்கற புரோகிராம், விவரம் தொறக்கற புரோகிராம் ரெண்டையும் சேர்த்துச் சுத்தம் பண்ணியிருக்குதுங்க"ன்னு சொல்லி, ரெண்டையும் மறுபடி ஏத்திக் குடுத்தார். தொறந்தா நல்லாத் தொறந்துச்சு. படம் மட்டும் மாறவே இல்லை. வெள்ளைன்னா வெள்ளை. "அது தானா வருமுங்ணா"ன்னுட்டு அவர் கடைக்குப் போயிட்டார்.

தானா வருமா? நான் விடுவேனா? கம்ப்யூட்டரை அணைச்சு மறுபடி போட்டேன், ஏழு தடவை. அஞ்சாம் நம்பர் பொத்தானை அமுத்தினாப் புதுசாகும்னு யாரோ சொன்னாங்க, நகம் வலிக்கற வரைக்கும் அமுத்தினேன். திரையில பழனி முருகன் படம் இருந்துச்சு, அதை எடுத்துட்டு மருதமலை முருகனைப் போட்டேன். முருகன் மாறினார், ஐகான் மாறலை. பொட்டியைத் தொறந்து தூசி தட்டினேன். ஒரு பல்லி ஓடுச்சு. சரி, கோளாறு இதுதான்னு சந்தோசமா மூடிப் போட்டுப் பார்த்தேன். வெள்ளை. ஒரு ஃபைலோட வாலுல மூணு எழுத்து இருக்குது, அதை மாத்தினாப் படமும் மாறும்னு சொன்னாங்க. மாத்தினேன். படம் மாறுச்சு. ஆனா அது ஒரு குருமந்தூர்ப் பையனோட ஜாதகம், அதுக்கப்பறம் தொறக்கவே இல்லை. அவங்க அப்பாகிட்ட, பையனுக்கு இப்ப நேரம் சரியில்லை, ஆவணிக்கு மேல பார்க்கலாம்னு சொல்லிட்டேன். அதுல பொய் ஒண்ணும் இல்லைங்க.

போன் அடிக்குதுங்க உங்களுக்கு. எடுங்க, எடுங்க... வெச்சுட்டீங்களா? அதுக்குள்ளயா? சரி.

ஒரு வளர்பிறை வெள்ளிக்கிழமை காலையில ஈஸ்வரமூர்த்தி கூப்பிட்டார். "இன்னைக்கு நாள் நல்லா இருக்குதுங்க. பொண்ணு ஜாதகத்தை மெயில்ல போட்டு வுடுங்க. பையனும் அங்கிருந்து பார்த்துக்குவான்"னார். நான் நானூத்திப் பன்னெண்டைத் தொறந்தேன். சுபாஷினி, சுபாஷினி, சுபாஷினி. மூணும் வெள்ளை. தொறந்து பார்த்து அனுப்பியிருக்கலாம். அறிவு இருக்கறவன் அதைத்தான் செய்வான். எனக்கு, பத்தரைக்குள்ள அனுப்பிச்சுடோணும், அதுக்கு மேல ராகுகாலம். செவப்பு எப்பவுமே மேல நிக்குமேன்னு ஒரு கணக்குப் போட்டு, மேல இருந்ததை அனுப்பிச்சு வெச்சேன். பத்து இருபத்தெட்டு. தெய்வானைகிட்ட, அதான் என்ற சம்சாரத்துகிட்ட, காரியம் முடிஞ்சுது, பாயசம் வெய்யின்னு போன்ல சொன்னேன்.

மத்தியானம் பாயசம் குடிச்சிட்டிருக்கறப்ப ஈஸ்வரமூர்த்தி மறுபடி கூப்பிட்டார்.

"ஏனுங்க, அனுப்பிச்சது வந்துச்சுங்க. ஆனா இதுல ராசிக்கட்டத்தையே காணோமுங்களே. எழுத்தாத்தான் இருக்குது."

"நல்லாப் பாருங்க, எங்க மையத்துல எல்லாமே விவரமா எழுதியிருக்கும்"னேன் நான். பெருமையாங்க, வேற!

"விவரமாத்தான் இருக்குதுங்க. படிக்கட்டுங்களா?"

"படிங்க, படிங்க. சம்சாரமும் கேட்கட்டும்"னு ஸ்பீக்கர்ல போட்டேன்.

அவர் படிச்சார். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் பாடம் ஆயிருச்சுங்க, கேளுங்க. 'நானூத்திப் பன்னெண்டு. சுபாஷினி. நல்ல புள்ளை. கோபம் வந்தாப் பேசாது. வெளிநாடு வேண்டாங்குது. அங்க போனா மறுபடி பரீட்சை எழுதி முடிக்கற வரைக்கும் மாட்டைத் தொட முடியாதாம். உள்ளூர்ல எந்த வரனும் பரவாயில்லை, வேலையை விடச் சொல்லக் கூடாது. அப்பாகிட்ட மூணு தடவை சொல்லியாச்சாம். நானும் சொல்லிப் பார்க்கோணும். அம்மா: தங்கமானவங்க. அப்பா: நல்ல மனுசன். பேசிட்டே இருப்பார். எதிராளி சொல்றது காதுல ஏறாது.'

படிச்சுட்டு ஈஸ்வரமூர்த்தி சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். நான் சும்மா இருக்கறதைப் பார்த்து தெய்வானை பயந்துட்டா. அப்பறம் அவர், "வெச்சுடறேனுங்க"ன்னு வெச்சுட்டார்.

"இது உனக்குத் தெரியுமா?"ன்னு தெய்வானையைக் கேட்டேன். "தெரியுமுங்க." "பின்ன ஏன் என்கிட்டச் சொல்லலை?" "சொன்னேனே. நீங்க அப்ப டிவியில செய்தி வாசிக்கறவருக்குப் பதில் சொல்லிட்டிருந்தீங்க"ன்னா.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. வண்டியை எடுத்துட்டு நேரா கருணாம்பாள் வூட்டுக்குப் போனேன். திட்டத்தான் போனேன். பாதி வழியில, திட்டறதுக்கு என்ன இருக்குது, அந்த அம்மணி எழுதினதுல எது பொய்யின்னு தேடிப் பார்த்தேன், ஒண்ணும் சிக்கலை. அப்ப மன்னிப்புக் கேட்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். போனா, வாசல்ல உக்காந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துட்டிருந்துச்சு. நிமிந்து பார்த்துச்சு. ஆயிரம் கல்யாணம் பேசின வாய் இதுங்க. அந்த வாயில என்ன வந்துச்சு தெரியுங்களா?

"அம்மணி, ஐகான் மாற மாட்டேங்குது."

சிரிக்காதீங்க. நெசமா அதுதான் வந்துச்சு.

அந்த அம்மணியும் சிரிக்கலை. "ஃபைலைத் தொறந்தாத் தொறக்குதுங்களா?"ன்னுச்சு. தொறக்குதுன்னேன். "அப்ப ஃபைலுக்கு ஒண்ணுமில்லீங்ணா. கம்ப்யூட்டரு ஒவ்வொரு தடவையும் ஃபைலைப் புதுசாப் பார்க்காது. ஒருக்காப் பார்த்த படத்தை ஞாபகத்துல வெச்சுட்டு அதையே காட்டிட்டிருக்கும். அந்த ஞாபகத்தை அழிச்சுட்டா மறுபடி ஒவ்வொண்ணாப் பார்த்துப் புதுசா எடுத்துக்கும்"னுச்சு.

"எத்தனை நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிசம்."

ரெண்டு நிமிசமுங்க. நான் ஒன்பது நாள் முருகனை மாத்திட்டிருந்தேன்.

மறுநாள் காலையில வந்துச்சு. குடையைக் கூடக் கீழ வெக்கலை. நின்னுட்டே என்னமோ ரெண்டு வரி அடிச்சுச்சு. திரை பூராவும் கருப்பாப் போச்சு. "போச்சு! எல்லாம் போச்சு!"ன்னு கத்தினேன். "கொஞ்சம் பொறுங்ணா"ன்னுச்சு. வந்துச்சுங்க! முருகன் வந்தார், அப்பறம் ஒவ்வொண்ணா, செவப்பு, நீலம், வெள்ளை, செவப்பு, நீலம், வெள்ளை. எனக்குக் கைதட்டோணும்னு இருந்துச்சு.

அந்த அம்மணி கெளம்பிருச்சு. அப்பத்தான் சொன்னேன், பொண்ணு ஃபைலை இன்ன மாதிரி தாராபுரத்துக்கு அனுப்பிச்சுட்டேன்னு. அதுக்கு மொகம் வெளுத்துப் போச்சு. "வெள்ளையைத் தொடாதீங்கன்னு சொன்னேனுங்களே, அண்ணா"ன்னுட்டு நாற்காலியில உக்காந்துருச்சு. "தப்பு என்ற மேலதான், அம்மணி. நாலு பேர் முன்னால சொன்னதும் தப்புதான்"னேன். எப்படியோ சொல்லிட்டேன். அந்த அம்மணி சொல்லுச்சு, "என்கிட்ட அப்பறம் பேசிக்கலாமுங்ணா. மொதல்ல புள்ளைகிட்டப் போங்க. போய்ப் பேசக்கூட வேண்டாம். போங்க."

அந்தியூர்ப் பக்கம் போய்ச் சேர்றப்ப மத்தியானம் ரெண்டு மணி. ஆஸ்பத்திரியில புள்ளை இல்லை. ஒரு தோட்டத்துல தலையீத்து மாடு கன்னுப் போட முடியாம நிக்குதுன்னு போயிருக்குதாம். தேடிட்டுப் போனேன். கட்டுத்தறியில மாடு படுத்துக் கெடக்குது. என்ற புள்ளை மண்ணுல கவுந்து படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ள வுட்டுட்டு இருக்குது. தலையெல்லாம் வைக்கோல். அதை அப்படி நான் பார்த்ததே இல்லீங்க. பட்டம் வாங்கின போட்டோதான் பார்த்திருக்கறேன், ஆபீசுல மாட்டியிருக்குது.

"கண்ணு, அந்த ஆஸ்திரேலியா..."ன்னு ஆரம்பிச்சேன்.

திரும்பிக் கூடப் பார்க்கலை. "அப்பா, பேசாதீங்க. மாடு மெரளுது. கன்னு காலுல கட்டின அந்தக் கயித்தைப் பிடிங்க. நான் சொல்றப்ப மட்டும் இழுங்க."

பிடிச்சேன். கன்னோட தலை பின்னால மடங்கிக் கெடந்துச்சாம். அதை நிமித்தறதுக்கே அரை மணி நேரம். அந்த மாட்டுகிட்ட என்ற புள்ளை பேசிட்டே இருந்துச்சு. "இல்ல சாமி, இல்ல, முடிஞ்சுது, இன்னொருக்கா மூச்சு வுடு"ன்னு அவ்வளவு பதமா. கோபம் வந்தா மட்டும் பேசாதுன்னு கருணாம்பாள் எழுதியிருந்துச்சே. எனக்கு இந்தப் புள்ளை எப்பவுமே பேசாத புள்ளைன்னுதான் நெனப்பு. இழுங்கன்னுச்சு, இழுத்தேன். நிறுத்துங்கன்னுச்சு, நிறுத்தினேன். ஒரு மணி நேரம் நான் ஒரு வார்த்தை பேசலை. என்ற ஆயுசுல அதுதான் ரெக்கார்டு. வழுக்கிட்டு வந்து வுழுந்துச்சு கன்னு. கெடேரி, பொட்டைக் கன்னு. மூச்சைக் காணோம். புள்ளை அதோட மூக்கைத் தொடைச்சு, நெஞ்சைத் தேய்ச்சு, ஒரு வைக்கோலை மூக்குல வுட்டுச்சு. ஒரு தும்மல் போட்டுச்சு பாருங்க, எனக்கு மேல தெறிச்சுது.

தொட்டித் தண்ணியில சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டே புள்ளை பேசுச்சு. "கருணாம்பாள் அக்கா போன் பண்ணுச்சுப்பா. எல்லாம் தெரியும். பொங்கலன்னைக்குச் சொன்னேன், வெளிநாடு வேண்டாம்னு. வெளிநாட்டுலயும் மாடு இருக்குதுன்னீங்க. ரெண்டாவது தடவை வண்டியில பின்னால உக்காந்துட்டுச் சொன்னேன். சரி சரின்னு தலையாட்டிட்டு, கவுந்தப்பாடி சர்க்கரை வெலை சொன்னீங்க. மூணாவது தடவை காகிதத்துல எழுதி உங்க சட்டைப் பையில வெச்சேன்."

"அதை நான் பார்க்கவே இல்லையே, கண்ணு."

"பார்த்தீங்க. பின்னால யாருக்கோ போன் நம்பர் எழுதிக் குடுத்துட்டீங்க."

மாடு எந்திரிச்சுக் கன்னை நக்கிட்டிருந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கலை. தோட்டத்துக்காரர் கன்னைப் பார்த்துத்தான் அழுகறேன்னு நெனச்சுட்டு, "பெரியவருக்கு எளகின மனசுங்க"ன்னார். புள்ளை சிரிச்சுருச்சு. சிரிச்சுட்டே துண்டை எடுத்து, கையைத் தொடைக்கறதுக்கு முன்னால எனக்குக் குடுத்துச்சு.

அந்த வரன் அப்படியே நின்னு போச்சுன்னுதான் நெனச்சேன். ஒரு வாரம் கழிச்சு ஈஸ்வரமூர்த்தி கூப்பிட்டார். சண்டைக்குத்தான்னு நெனச்சு, மறுபடி வேலைக்கு வந்திருந்த கருணாம்பாள்கிட்டப் போனைக் குடுத்துட்டேன். அவர் என்ன கேட்டாராம் தெரியுங்களா? "அம்மணி, எங்க பையனைப் பத்தி நீங்க என்ன எழுதியிருக்கீங்க? கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க." அது மொதல்ல முடியாதுன்னுச்சு. அவர் விடலை. கடைசியில படிச்சுக் காட்டுச்சு. 'பையன்கிட்ட நாலு தடவை பேசினேன். நாலு தடவையும் கூடவே லைன்ல இருந்து அப்பாதான் பதில் சொன்னார். பையன் மனசு தெரியலை.' அப்பறம், "நான் பையனைக் கேட்டுட்டுக் கூப்பிடறேனுங்க"ன்னு வெச்சுட்டாராம். இன்னும் கூப்பிடலை.

இப்ப ஆபீசுல மொதல்ல கருணாம்பாள்தான் பேசும். பையனாகட்டும் பொண்ணாகட்டும், தனியா உக்கார வெச்சுப் பேசும். நான் வெளிய இருந்து பெரியவங்களுக்கு மோர் குடுத்துட்டுப் பேசிட்டிருப்பேன். அது பண்ணின ஏற்பாடு. உள்ள தொந்தரவு இருக்காதுன்னுச்சு.

சித்தோடு தாண்டிருச்சுங்களா? அப்ப வந்துருச்சு ஈரோடு. புள்ளைக்கு இங்க ஒரு வரன் வந்திருக்குதுங்க. காலேஜ் வாத்தியார். கருணாம்பாள் பார்த்துச் சொன்னது, புள்ளைக்கும் சம்மதம். அதைப் பார்க்கத்தான் போறேன். ரெண்டு பேரும் காலையில என்னை உக்கார வெச்சுச் சொல்லிட்டாங்க: மூணே மூணு கேள்வி எழுதித் தர்றோம், அதை மட்டும் கேட்கோணும், பையன் சொல்றதைக் கேட்டுட்டு வரோணும், வேற ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு. அதனாலதானுங்க உங்ககிட்ட இத்தனை பேசிட்டேன். சாயங்காலம் வரைக்கும் தாங்கோணுமல்லங்க.

இதோ பாருங்க சீட்டு. புள்ளை கையெழுத்து. மொதக் கேள்வி, ராத்திரி பகல்னு பார்க்காம மாட்டுக்குக் கூப்பிடுவாங்க, சம்மதமா? கேட்டுடலாம். ரெண்டாவது, ஈரோட்டுல இருந்து அந்தியூருக்குத் தெனமும் போய் வர்றது யாரு, நீங்களா நானா? அதுவும் கேட்டுடலாம். மூணாவதைத்தான் பஸ் ஏறினதுல இருந்து மடிச்சு மடிச்சுப் பார்த்துட்டு வர்றேன். நீங்களே படிங்க.

'எங்கப்பா அடிக்கடி வருவார். வந்தா நெறையப் பேசுவார். பொறுமையாக் கேட்பீங்களா?'

இதை நானே எப்படீங்க அந்தப் பையன்கிட்டக் கேட்கறது?